ஒரே சராசரி, இரண்டு தெரு: மனித அபிவிருத்தியில் ஏற்றத்தாழ்வை எப்படி அளக்கிறார்கள்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். அன்றைக்குப் புள்ளிவிபரம். இடை, இடையம், ஆகாரம் மூன்றையும் பலகையில் எழுதி உதாரணம் ஒன்றைச் செய்து முடிக்கும்போது, மட்டக்குளியில் 'வத்தை' என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். இலங்கை 'உயர் மனித அபிவிருத்தி' உள்ள நாடு என்று பத்திரிகையில் பார்த்தாளாம். "எங்க வத்தையில எட்டு வீட்டுக்கு ஒரு பைப்பு மிஸ். நாங்களும் அந்தக் கணக்குல இருக்கோமா?"

இருக்கிறாய் என்றேன். உன்னையும் கூட்டித்தான் சராசரி எடுத்திருக்கிறார்கள். கூட்டிய பிறகு நீ எங்கே நிற்கிறாய் என்பதை மட்டும் அந்தச் சராசரி சொல்லாது. அதைச் சொல்ல வைக்க வேறொரு கணக்கு இருக்கிறது. பெருக்கவும் மூலம் எடுக்கவும் தெரிந்தால் போதும். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'உயர்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு நாடு முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால், தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதுதான் நெடுங்காலம் பதிலாக இருந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்குக்கு அது போதவில்லை. மனிதர் நீண்ட காலம் சுகமாக வாழ்கிறாரா, படிக்கிறாரா, கௌரவமாகச் சீவிக்க வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய முயற்சியில், அமர்த்தியா சென் போன்றவர்களின் துணையோடு, ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் 1990 இல் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிட்டது. மனித அபிவிருத்திச் சுட்டெண் அதில்தான் பிறந்தது. மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்கலாமா என்று சென்னுக்கே முதலில் தயக்கம் இருந்தது. தலா வருமானத்தைப் போல எளிமையான ஒற்றை எண் கையில் இல்லாவிட்டால் யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று ஹக் விடாப்பிடியாக நின்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

கணக்கு இப்படி. ஆயுள், கல்வி, வருமானம் என்று மூன்று பரிமாணம். ஒவ்வொன்றையும் 0 முதல் 1 வரையான அளவுகோலில் வைக்கிறார்கள். ஆயுளில் 20 வயது என்றால் பூச்சியம், 85 என்றால் ஒன்று. பிறக்கும் பிள்ளை 77 வயது வரை வாழும் என்று எதிர்பார்க்கப்படும் நாட்டுக்கு, 57 ஐ 65 ஆல் வகுத்து 0.88 கிடைக்கும். கல்வியில் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள்: 25 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக எத்தனை வருடம் படித்திருக்கிறார்கள், இன்றைக்குப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு எத்தனை வருடம் படிக்க வாய்ப்பிருக்கிறது. முன்னதற்கு 15 வருடம் முழுப் புள்ளி, பின்னதற்கு 18. வருமானத்தை, நாட்டுக்கு நாடு உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டி டொலரில் எடுத்து, அப்புறம் மடக்கை போடுகிறார்கள். மடக்கை ஏன்? மாதம் 30,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு இன்னொரு 30,000 வந்தால் வாழ்க்கையே மாறும். மாதம் 6 இலட்சம் எடுக்கும் வீட்டில் அது வந்ததே தெரியாது. கடைசியில் மூன்றின் பெருக்கல் இடைதான், அதாவது மூன்றையும் பெருக்கி எடுக்கும் மூன்றாம் மூலம்தான் சுட்டெண். அது 0.550 இலும் குறைந்தால் 'தாழ்', அதிலிருந்து 0.700 க்குள் என்றால் 'நடுத்தரம்', 0.800 க்குள் 'உயர்', அதற்கு மேலே 'மிக உயர்'.

2019ஆம் ஆண்டுத் தரவுகளின்படி இலங்கைக்கு 0.782. தெற்காசியாவில் இது பெருமைப்படக்கூடிய எண். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த 0.782 க்குள் கொழும்பின் வசதியான கறுவாத்தோட்டமும் இருக்கிறது, மட்டக்குளியும் இருக்கிறது, நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயமும் இருக்கிறது.

சரி, இப்போது பலகைக்கு வருவோம். இரண்டு தெரு. ஒவ்வொன்றிலும் நாலு பேர். முதல் தெருவில் நாலு பேரும் ஆளுக்கு 10 வருடம் படித்தவர்கள். இரண்டாவது தெருவில் இருவர் 16 வருடம், பட்டம் வரைக்கும். மற்ற இருவர் 4 வருடத்தோடு நின்றவர்கள். இடையை எடுத்துப் பாருங்கள். இரண்டு தெருவுக்கும் 10தான். சாதாரண சராசரிக்கு இரண்டும் ஒரே தெரு.

கூட்டி நாலால் வகுப்பதை விட்டுவிட்டு, நாலு எண்ணையும் பெருக்கி நாலாம் மூலம் எடுங்கள். இதைத்தான் பெருக்கல் இடை என்கிறோம். முதல் தெருவுக்கு மறுபடியும் 10 வரும். இரண்டாவது தெருவில் 16, 16, 4, 4 நான்கையும் பெருக்கினால் 4096. அதன் நாலாம் மூலம் 8. பத்து எட்டாகிவிட்டது. குறைந்த அந்த 2, பத்தில் 20 சதவீதம். இதுதான் ஏற்றத்தாழ்வின் அளவு.

வகுப்பில் ஒரு பையன் உடனே கேட்டான், பெருக்கினால் ஏன் குறைய வேண்டும் என்று. நல்ல கேள்வி. இரண்டாவது தெருவில் யாராவது ஒருவருக்கு இன்னும் ஒரு வருடம் படிக்க வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 16 வருடம் படித்தவரை 17 ஆக்கினால் பெருக்கல் இடை 8 இலிருந்து 8.12 ஆகும். 4 வருடம் படித்தவரை 5 ஆக்கினால் 8.46 ஆகும். அதே ஒரு வருடம்தான், கிட்டத்தட்ட நாலு மடங்கு பலன். கூட்டல் இடைக்கு இந்த வித்தியாசமே தெரியாது. யாருக்குக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். பெருக்கல் இடை கீழே இருப்பவரின் பக்கம் சாய்கிறது. பிள்ளைகளுக்குப் பெருக்கல் இடையைச் சூத்திரமாக மட்டும் சொல்லிக் கொடுப்பதை அன்றைக்கு நான் விட்டுவிட்டேன்.

ஏற்றத்தாழ்வை இப்படி அளக்கும் முறைக்கு வழி காட்டியவர் பிரித்தானியப் பொருளியலாளர் அந்தனி அட்கின்சன். 1970 இல் வெளியான அவருடைய கட்டுரை வேறு விதமாகவும் இதைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது தெருவின் சராசரி 10 தான், ஆனாலும் எல்லோருக்கும் சமமாக 8 வருடம் கிடைக்கும் தெருவுக்குத்தான் அது நிகர். சமமாகப் பகிர்ந்திருந்தால் 8 இலேயே அடைந்திருக்கக்கூடிய நன்மைக்கு, இந்தத் தெரு 10 செலவழிக்கிறது. ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு தூரம் வெறுக்கிறது என்பதற்கும் அவர் தன் சூத்திரத்தில் ஒரு இடம் விட்டார். அந்த எண்ணைக் கூட்டினால் கழிவு கூடும், பூச்சியம் ஆக்கினால் கழிவே இருக்காது. ஐ.நா. கணக்கில் அது 1. அந்த ஒன்றுதான் பெருக்கல் இடையாக வருகிறது. இது அட்கின்சனின் நேர்மை என்று நான் நினைக்கிறேன். எந்த அளவுகோலுக்குள்ளும் ஒரு விழுமியம் இருக்கத்தான் செய்யும். அவர் அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்தார்.

1990 க்குப் பிறகு இருபது வருடம் கழித்து, 2010 அறிக்கையில் இந்த முறை நாடுகளுக்குப் பொருத்தப்பட்டது. ஆயுளிலும் கல்வியிலும் வருமானத்திலும் தனித்தனியாக ஏற்றத்தாழ்வை அளந்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பங்கைக் கழித்து, மிச்சத்தில் சுட்டெண்ணை மறுபடி கணிக்கிறார்கள். அதன் பெயர் ஏற்றத்தாழ்வுக்குச் சரிசெய்யப்பட்ட மனித அபிவிருத்திச் சுட்டெண். பெயர் நீளம், வேலை சுருக்கம். ஒரு நாட்டில் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தால் இரண்டு சுட்டெண்ணும் ஒன்றாக இருக்கும். இல்லாவிட்டால் இடையில் உள்ள தூரம்தான் இழப்பு.

இலங்கையின் 0.782 இந்தக் கழிவுக்குப் பிறகு 0.673 ஆகிறது. இழப்பு சுமார் 14 சதவீதம். 'உயர்' என்ற எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எண்ணில் பதில் இதுதான். அதே ஆண்டில் நோர்வே இழப்பது சுமார் 6 சதவீதம். இந்தியா கால் பங்குக்கும் மேல். தென்னாபிரிக்கா மூன்றில் ஒரு பங்கு. இனவொதுக்கல் ஆட்சி 1994 இல் முடிந்தாலும் அதன் தடம் இந்தக் கழிவில் இன்னும் கிடக்கிறது. ஐக்கிய அமெரிக்கா சாதாரணச் சுட்டெண்ணில் முன்வரிசையில் இருக்கும், சரிசெய்த பட்டியலில் பல இடம் சறுக்கும்.

எனக்கு 14 ஐ விட முக்கியமாகப் படுவது, அந்த 14 எங்கிருந்து வருகிறது என்பது. இலங்கையில் ஆயுளில் உள்ள ஏற்றத்தாழ்வுதான் மிகக் குறைவு. கல்வியில் அதைவிடக் கூட. வருமானத்தில்தான் மிகப் பெரிது. இந்த வரிசை தற்செயலாக வந்ததல்ல.

என் மகளின் பழைய புத்தகம் ஒன்று அலுமாரியில் இருக்கிறது. பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு. நடுப்பக்கத்தை விரித்தால் நிறை வரைபு: கீழே மாதங்கள், பக்கத்தில் கிலோ, நடுவில் பச்சைப் பட்டை. மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்து, மிட்வைப் மிஸ் நீலப் பேனையால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளை இணைத்துக்கொண்டு போகும் கோடு பச்சைக்குள் இருந்தால் தலையாட்டுவார். கோடு படுத்துவிட்டால் அம்மாவை உட்கார வைத்து விசாரிப்பார், தேவைப்பட்டால் திரிபோஷா சத்துமா எழுதிக் கொடுப்பார். ஒன்பதாம் மாதத்தில் என் மகளுக்கு வயிற்றோட்டம் வந்து கோடு கீழே மடங்கியிருக்கிறது. ஓரத்தில் மறுபடி வரச் சொல்லித் திகதி போட்ட எழுத்து இன்னும் அழியவில்லை. மட்டக்குளிப் பிள்ளையின் அம்மாவிடமும் இதே புத்தகம் இருக்கிறது, இதே பட்டை, இதே புள்ளி. கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் இதுதான்.

இந்தப் புத்தகத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1931 இல் இலங்கையருக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டுக் கிராமங்களுக்குப் போனவர்களிடம் சனங்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் அரசை உலுக்கியது. சிகிச்சை நிலையங்கள் பரவின, பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடு வீடாகப் போனார்கள். 1930களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளில் நிற்கிறது. 1946 இல் சராசரி ஆயுள் 43 அளவில்தான் இருந்தது, அதிலும் பெண்கள் ஆண்களைவிட முந்திப் போனார்கள். இன்று 76 ஐத் தாண்டிவிட்டது, பெண்கள்தான் கூட வாழ்கிறார்கள். பணக்கார நாடாக ஆன பிறகு செய்த வேலை இல்லை இது. ஏழை நாடாக இருக்கும்போதே, எல்லோருக்கும் என்று தொடங்கியது.

கல்வியும் அப்படித்தான் தொடங்கியது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பாடநூல், சீருடைத் துணி பிறகு சேர்ந்தன. ஆனால் இன்றைக்குப் பள்ளி முடிந்த பிறகு இன்னொரு பள்ளி தொடங்குகிறது. நான் படிப்பிப்பதும் அங்கேதான். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டண அட்டை உண்டு, மாதத்துக்கு ஒரு பெட்டி. காசு தந்தால் அதில் ஒப்பம் வைப்பேன். 2022 இல் பல அட்டைகளில் பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீத அளவுக்குப் போயிருந்தது. வராமலே நின்ற பிள்ளைகளும் உண்டு. பெட்டி வெறுமையாக இருந்தாலும் வாங்கோ என்று ஆள் அனுப்பினேன். சிலர் வந்தார்கள். வெட்கப்பட்டு வராதவர்களை இன்னும் நினைக்கிறேன். நிறை வரைபில் காசு கேட்காமல் புள்ளி விழுகிறது. கட்டண அட்டையில் அப்படி விழுவதில்லை. ஆயுளில் ஏற்றத்தாழ்வு குறைவாகவும் கல்வியில் அதைவிடக் கூடவும் இருப்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் எனக்கு உதாரணம் தெரியாது.

வருமானத்துக்கு வந்தால் எந்தப் புத்தகமும் இல்லை, எந்த மிட்வைபும் இல்லை. 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த வருமான செலவின அளவீட்டின்படி ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். இடையம் 53,333. வகுப்பில் இடைக்கும் இடையத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்ணையும்தான் எழுதிக் காட்டுகிறேன். நாட்டின் வீடுகளை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீடு 53,333 எடுக்கிறது. மேலே நிற்கும் சில வீடுகள் சராசரியை 76,414 க்கு இழுத்துக்கொண்டு போகின்றன. மேல் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு மொத்த வருமானத்தில் பாதிக்கும் மேல் போகிறது. கீழ் ஐந்தில் ஒரு பங்குக்கு 5 சதவீதமும் இல்லை.

இந்தச் சுட்டெண்ணுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அது தனித்தனியாகப் பார்க்கிறது. மூன்றிலும் பின்தங்கியவர் ஒரே ஆளா, மூன்று வேறு ஆட்களா என்று அதற்குத் தெரியாது. வாழ்க்கையில் அநேகமாக ஒரே ஆள்தான். படிக்காதவருக்கே சம்பளமும் குறைவு, வருத்தமும் முதலில் அவருக்கே. இந்தக் குறையை நிரப்ப அதே 2010 இல் பல்பரிமாண வறுமைச் சுட்டெண் வந்தது. அது வீடு வீடாகப் போய், ஒரே வீட்டில் எத்தனை குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுகிறது: பிள்ளை பள்ளி போகிறதா, தண்ணீர் எங்கிருந்து, அடுப்பு என்ன, மலசலகூடம் உண்டா. பத்துக் குறிகாட்டிகளில் நிறையின்படி மூன்றில் ஒரு பங்கு குறை இருந்தால் அந்த வீடு பல்பரிமாண வறுமையில் இருக்கிறது. 2019 தரவை வைத்து நம் நாட்டுக்கென்று செய்த கணக்கில், தோட்டத்துறையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வறுமையில் இருந்தார்கள். மாவட்டங்களில் கொழும்பு மிகக் குறைவு, நுவரெலியா மிக அதிகம். எட்டு வீட்டுக்கு ஒரு பைப் என்று அவள் சொன்னதைக் கேட்கத் தெரிந்த கணக்கு இதுதான்.

இன்னொன்று, ஆளுக்கு ஆள் உள்ள இடைவெளி வேறு, கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள இடைவெளி வேறு. இரண்டாவதைக் கிடைநிலை ஏற்றத்தாழ்வு என்பார்கள். இதை மலையகத்தை விட்டால் விளக்கவே முடியாது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1945 இலவசக் கல்வி நாடெங்கும் போனபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அநேகமானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அந்த முப்பது வருடமும் நாட்டின் சராசரி ஏறிக்கொண்டே இருந்தது. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 ஆகிவிட்டது. சராசரி ஏறும்போது ஒரு முழுச் சமூகம் வெளியே நிற்கலாம், அதுவும் சட்டப்படி.

ஆண் பெண் இடைவெளியும் இதே வகை. அதற்குப் பால்நிலைச் சமத்துவமின்மைச் சுட்டெண் என்று தனியாக ஒன்று. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களில் பெண்கள்தான் கூட. ஆனால் வேலைச் சந்தையில் இருப்பது வயதுவந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வரும் பிள்ளைகள் பத்து வருடம் கழித்து எங்கே போகிறார்கள் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

நாடுகளுக்கு இடையில் என்ன நடக்கிறது? 2019 அறிக்கை முழுவதும் ஏற்றத்தாழ்வைப் பற்றியது. 2000ஆம் ஆண்டு பிறந்த இரண்டு பிள்ளைகளோடு அது தொடங்குகிறது, ஒன்று 'மிக உயர்' நாட்டில், மற்றது 'தாழ்' நாட்டில். முதல் வகை நாட்டில் 20 வயதாகும்போது பாதிக்கும் மேற்பட்டோர் உயர்கல்வியில் இருக்கிறார்கள். இரண்டாவதில் 3 சதவீதம். அங்கே 100 பிள்ளையில் 17 பிள்ளைகள் 20 வயதைக் காணாமலே போயிருக்கும். பிள்ளை மரணம், ஆரம்பப் பள்ளி போன்ற அடிப்படைகளில் ஏழை நாடுகள் பணக்கார நாடுகளை எட்டிப்பிடித்துக்கொண்டு வருகின்றன. அதே நேரத்தில் பல்கலைக்கழகம், அதிவேக இணையம், முதுமையில் சுகவாழ்வு என்று அடுத்த படி வரும்போது இடைவெளி அகல்கிறது. ஒரு கதவுக்கு வரிசையில் நின்று உள்ளே போவதற்குள், அடுத்த அறைக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் தொடர்ந்து உலகச் சுட்டெண் இறங்கியது, முன்னர் ஒருபோதும் அப்படி நடந்ததில்லை. பிறகு பணக்கார நாடுகள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. மிகவும் வறிய நாடுகளில் ஏறத்தாழ பாதி 2023 அளவிலும் திரும்பியிருக்கவில்லை.

அப்ப என்ன செய்யலாம்? இரண்டு தெருக் கணக்கு முதல் பதிலைச் சொல்லிவிட்டது: 4 இல் நிற்பவரை 5 ஆக்குங்கள். ஆனால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் உலகம் இரண்டாகப் பிரிகிறது. எல்லோருக்கும் கொடுத்தால் அவருக்கும் போய்ச் சேரும் என்பது ஒரு வழி, நம் பதிவேட்டுப் புத்தகம் அந்த வழி. தேடிப் பிடித்து அவருக்கு மட்டும் கொடுப்பது மற்ற வழி. பிரேசில் 2003 இல் தொடங்கிய பொல்சா பமிலியா, ஏழை வீடுகளுக்கு, பெரும்பாலும் அம்மாவின் பெயரில், மாதக் காசு கொடுத்தது. பிள்ளை பள்ளி போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்பது நிபந்தனை. பல நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. நம் நாட்டில் 2023 இல் சமுர்த்தி என்ற ஏழை வீடுகளுக்கான உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று பல விஷயங்களுக்குப் புள்ளி போட்டு ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். எண்ணம் நல்லது, இதுவும் பல்பரிமாணக் கணக்குத்தான். ஆனால் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே விழுந்தவர் வெளியே. இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. இங்கே அளப்பதில் வரும் பிழை ஒரு வீட்டின் அரிசியாகிவிடுகிறது. ஆகவே என் கட்சி இது: சுகாதாரமும் கல்வியும் எல்லோருக்கும், கேள்வி கேட்காமல். அதற்கு மேலே, பின்தங்கியவருக்குக் கூடுதலாக. இரண்டாவதை நம்பி முதலாவதை வெட்டக்கூடாது.

இதற்குக் காசு வேண்டும், காசு எங்கிருந்து வருகிறது என்பதும் ஏற்றத்தாழ்வுதான். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கடையில் ஒரே பொருளை வாங்கும் இருவரும் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள், ஒருவருக்கு அது சில்லறை, மற்றவருக்கு அடுத்த வேளைப் பால்மா. நேரடி வரியின் பங்கு கூடாமல் வருமான ஏற்றத்தாழ்வு குறையாது. நாட்டுக்கு வெளியே பார்த்தால் கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்ததற்கு முன்பும் பின்பும், அரசு வருமானத்தில் பெரும் பங்கு வட்டிக்கே போனது. மிட்வைபின் சம்பளமும் வட்டியும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

அளக்கும் அலகையும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 1970களின் தரப்படுத்தல் நம் மனங்களில் விட்ட காயத்தை நான் மறக்கவில்லை, அது வேறாகவே எழுத வேண்டிய கதை. இன்றைய முறையில் ஒன்றை மட்டும் பார்ப்போம். மாவட்டம் என்ற அலகுக்குக் கொழும்பு ஒரே கொழும்பு. வத்தையில் படிக்கும் பிள்ளை, நாட்டிலேயே வசதி கூடிய பாடசாலைப் பிள்ளைகளோடு அனுமதிக்கு வேண்டிய அதே உயர்ந்த இசட் புள்ளிக்குப் போட்டியிடுகிறாள். சராசரி அவளை நாட்டுக் கணக்கில் ஒருமுறை மறைத்தது, மாவட்டக் கணக்கில் இன்னொரு முறை மறைக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவள் கொப்பியோடு வந்தாள். தன் வீட்டுக்குப் பெருக்கல் இடை செய்து பார்த்தாளாம். அண்ணா 11 வருடம், அப்பா 8, அம்மா 5, பாட்டி 0. கூட்டல் இடை 6. பெருக்கினால் பூச்சியம். "பிழையா மிஸ்?"

பிழை இல்லை. ஒரு பூச்சியம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஐ.நா. கணக்கிலும் இதே சிக்கல் வந்தது. படிப்பு வருடங்களில் அவர்கள் எல்லோருக்கும் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டிப் பார் என்றேன். 12, 9, 6, 1. இடை 7, பெருக்கல் இடை 5.05. இழப்பு 28 சதவீதம்.

பாட்டி ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டேன். ஹற்றனுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர். அவள் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து அடுத்த சனிக்கிழமை சொன்னாள். பாட்டியின் சொல்லிலேயே சொன்னாள்: "பள்ளிக்கூடம் இருந்திச்சு, அஞ்சாவது வரைக்கும். அம்மா கொழுந்துக்குப் போயிட்டா தம்பிய யாரு பாத்துக்கிறது?"

பாட்டி அந்த ஐந்து வருடமும் போயிருந்தால் என்று வைத்து மறுபடி செய்யச் சொன்னேன். 12, 9, 6, 6. இடை 8.25. பெருக்கல் இடை 7.9. இழப்பு 4 சதவீதம். நாலாம் மூலத்துக்கு இரண்டு தரம் வர்க்கமூலம் எடுத்து, சரி பார்த்து, இரண்டு விடையையும் கொப்பியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். 28. அதற்குக் கீழே 4. பக்கத்தில் பாட்டியின் பெயர்.